நானூற்றைம்பதுக்கு முடிந்த பேரம்

காலை பத்து மணி. கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்த்த கையோடு பஸ் ஏறிய சென்னைக் குடும்பம் ஒன்று தம்பானூர் பஸ் நிலையத்தில் வந்து இறங்குகிறது. கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். ஊர் திரும்ப மாலை மெயிலில் டிக்கெட் இருக்கிறது. எதிரிலேயே ரயில் நிலையம். இடையில் கிடைக்கும் சில மணி நேரத்தில் பத்மநாப சுவாமியைத் தரிசிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், ஒரு 'கேரளா சேலை' வாங்க வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். சேலை வாங்கி வருவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயிற்று.

1931ல் ரயில் பாதை தம்பானூர் வரை நீண்ட நாளிலிருந்து இந்த ஊர் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1979ல் கன்னியாகுமரிக்கும் ரயில் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். தமிழனுக்குத் திருவனந்தபுரம் ஒரு அரை வெளிநாடு. போர்டுகளில் உள்ள எழுத்து புரியாது. பேச்சு முக்கால்வாசி புரியும். பாஸ்போர்ட் தேவையில்லை. ஆனால் ஏதாவது வாங்கிக்கொண்டு போகாவிட்டால் போய் வந்ததற்குச் சாட்சி இல்லை. பாங்காக் சதுசாக் சந்தையில் கால்குலேட்டரில் எண்ணைத் தட்டித் தட்டி டி-ஷர்ட் வாங்குகிறவருக்கும் இவர்களுக்கும் இதில் வித்தியாசம் கிடையாது.

ஓவர்பிரிட்ஜ் தாண்டி, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு கிழக்கே கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். அங்கே முதல் வியாபாரம் காத்திருக்கிறது. பத்மநாப சுவாமி கோயிலுக்குள் பேன்ட், சட்டை கூடாது. ஆண்களுக்கு வேட்டி மட்டும். மேலே ஒன்றும் கிடையாது. பெண்கள் சுடிதாரோடு நுழைய முடியாது. அதன் மேல் ஒரு வேட்டியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். 2016 இறுதியில் கோயில் நிர்வாக அதிகாரி சுடிதாரை அனுமதித்தார். எதிர்ப்பு கிளம்பியது, சில நாட்களிலேயே கேரள உயர்நீதிமன்றம் பழைய வழக்கமே தொடர வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே சென்னைக் குடும்பத்துக்கு உடனடித் தேவை இரண்டு வேட்டி. ஒன்று அப்பாவுக்கு, ஒன்று மகளுக்கு.

இந்த இடத்தில் பேரம் எடுபடுவதில்லை. பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியும். பேன்ட் போட்ட மனிதர் பேன்டோடு உள்ளே போக முடியாது என்பதும் தெரியும். 'அப்படியென்றால் வேண்டாம்' என்று எழுந்து போகக்கூடியவர்தான் பேரம் பேச முடியும். அப்பா பத்து ரூபாய் குறைத்துக் கேட்கிறார். கடைக்காரர் சிரிக்கிறார். முடிந்தது.

தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் நிலைமை தலைகீழ். இப்போது அவசரம் இல்லை. சேலை இல்லாவிட்டால் யாரும் தடுத்து நிறுத்தப் போவதில்லை. அம்மா பொறுப்பை ஏற்கிறார்.

கிழக்கே கோட்டையிலிருந்து தொடங்கும் சாலைக் கடைத்தெரு சாதாரணப்பட்ட இடம் அல்ல. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய சந்தை இது. இங்கே வரும் பூ தோவாளைப் பூ. பல கடைகளில் பேச்சு தமிழ். நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திரு-கொச்சியோடும்தான் இருந்தது. நாகர்கோவில்காரருக்கு அதுவரை தலைநகர் சென்னை அல்ல, திருவனந்தபுரம்தான். இதே தெருவில் பல ஆண்டுகள் கடை வைத்திருந்தபடியே 'கடைத்தெருக் கதைகள்' எழுதிய ஆ. மாதவன் 2015ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021ல் காலமானார். வாங்குகிறவர் முகத்தைப் பார்த்தே விலை சொல்லும் வித்தை தெரிந்த மனிதர்களை அந்தத் தெரு அவருக்குத் தாராளமாகக் கொடுத்திருக்க வேண்டும்.

நடைபாதை ஓரத்தில் பலகை போட்டு, வெள்ளைக்கும் சந்தனத்துக்கும் இடைப்பட்ட நிறத்தில் அடுக்கியிருக்கிறார்கள் சேலைகளை. தங்கக் கரை. 'சேச்சி' என்று தொடங்கும் வியாபாரி, 'ஏங்க, இது நல்லாயிருக்கா?' என்று அம்மா கணவரிடம் கேட்டது காதில் விழுந்த மாத்திரத்தில் 'அக்கா, பிரிச்சுப் பாருங்க' என்று மாறிவிடுகிறார். இதைக் கவனிக்காத அப்பா தன்னிடம் உள்ள மலையாளத்தை எடுத்து விடுகிறார்.

'எத்ர?'

'எண்ணூற்றம்பது சார்.'

அந்த எண் இரண்டு மொழிக்கும் பொது. ஆனால் எல்லாச் சொல்லும் பொது அல்ல. மலையாளத்தில் 'லாபத்துக்குக் கிடைத்தது' என்றால் மலிவாகக் கிடைத்தது என்று அர்த்தம். தமிழில் லாபம் எப்போதும் விற்கிறவனுடையது. மலையாளத்தில் வாங்குகிறவனுக்கும் ஒரு பங்கு உண்டு. கோடித் துணி என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் சாவு வீடும் நினைவுக்கு வரும். இங்கே ஓணக்கோடி கிடைக்காத பிள்ளைதான் அழும்.

அம்மா முந்நூறு என்கிறார். வியாபாரி காதில் விழாதது போல சேலையை மடிக்கத் தொடங்குகிறார். இன்றைக்கு இன்னும் போணி ஆகவில்லை, அதனால் எழுநூறு என்கிறார். (காலை முதல் வியாபாரத்துக்கு இங்கே கைநீட்டம் என்று பெயர். ஒரே பகலில் ஒரு கடைக்கு எத்தனை கைநீட்டம் நடக்கலாம் என்பதற்குக் கணக்கு இல்லை.) அம்மா முந்நூற்றைம்பது. அறுநூறு. மகளுக்கு வெட்கம் தாங்கவில்லை. நான்கு கடை தள்ளிப் போய் நின்று கொள்கிறாள். அப்பா, 'போலாம் வா' என்று தன் பாத்திரத்தைச் சரியாகச் செய்கிறார். பத்தடி நடந்ததும் பின்னாலிருந்து குரல்: 'அக்கா, ஐந்நூறு கொடுங்க.' அக்கா திரும்புவதில்லை. இன்னும் ஐந்தடி. 'சரி, வாங்க.' நானூற்றைம்பது. பையில் போட்டு வாங்கும்போது அம்மாவின் முகத்தில் தெரியும் பெருமிதத்துக்கு எண்ணூற்றைம்பதே கொடுக்கலாம்.

வியாபாரிக்கு நஷ்டமில்லை. நானூற்றைம்பதுக்கு என்ன வாங்கினார்கள் என்பதுதான் கேள்வி. இருபது நிமிடம் நடந்த அந்த உரையாடலில் விலையைத் தவிர வேறு எதுவும் பேசப்படவில்லை. எங்கே நெய்தது, கைத்தறியா விசைத்தறியா, பருத்தியா கலப்பா, கரையில் உள்ளது என்ன ஜரிகை என்று அம்மா கேட்கவில்லை. வியாபாரி சொல்லவும் இல்லை. 'கேரளா சேலை' என்று இருவரும் மனதார ஒப்புக்கொண்டார்கள்.

நடைபாதைகளில் 'கேரளா சேலை' என்று மலிவாக விற்பதில் பெரும்பகுதி தமிழ்நாட்டு விசைத்தறித் துணி. ஈரோடு, சேலம் பக்கத்துத் தறிகளில் ஓடியது. ஒவ்வோர் ஆண்டும் ஓணத்துக்கு முன் கேரள வியாபாரிகள் ஈரோடு ஜவுளிச் சந்தைக்கு வந்து கொள்முதல் செய்வது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஓண ஆர்டர் குறைந்தால் அங்கே முகம் வாடிவிடும். தம்பானூரிலிருந்து மெயிலில் திரும்பும் சென்னைக் குடும்பம் நள்ளிரவு வாக்கில் ஈரோட்டைத் தாண்டும். சேலையும் தான் பிறந்த ஊரைத் தாண்டும்.

இதற்கு ஈரோட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. விசைத்தறித் தொழிலாளியும் இரவுப் பணி பார்த்து வயிற்றைக் கழுவுகிறவர்தான். நடைபாதை வியாபாரி ஒன்றும் மாளிகை கட்டவில்லை. விசைத்தறி வேட்டி வேட்டியே அல்ல என்று யாரும் சொல்ல முடியாது; துவைத்தால் நிற்கிறது, உடுத்தினால் அழகாக இருக்கிறது. சிக்கல் பெயரில். அந்தப் பெயரைச் சம்பாதித்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

அந்த வேறு இடத்தை இந்தக் குடும்பம் காலையிலேயே கடந்து வந்துவிட்டது. நாகர்கோவில் சாலையில் திருவனந்தபுரத்துக்குச் சுமார் 15 கிலோ மீட்டர் முன்னால் பலராமபுரம். பஸ் அங்கே நிற்கும்போது மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பலராம வர்மாவின் பெயரால் அமைந்த ஊர் அது. அவருடைய காலத்தில் திவான் உம்மிணித் தம்பி, அரண்மனைக்குத் துணி நெய்ய நெல்லைச் சீமையிலிருந்து சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார் என்பது அந்த ஊரின் வரலாறு. ஆக, கேரளத்தின் பெருமைக்குரிய கசவுத் துணியின் அசலும் தமிழ் நெசவாளர் கைவேலை, நகலும் தமிழ்நாட்டுச் சரக்கு. இரண்டுக்கும் நடுவில் நின்று பேரம் பேசியதும் ஒரு தமிழ்க் குடும்பம்.

பலராமபுரத்துத் தறி குழித்தறி. நெசவாளர் குழியில் காலை விட்டு உட்கார்ந்து, நாடாவைக் கையால் வீசி வாங்கி நெய்கிறார். 100, 120 நம்பர் என்று மெல்லிய நூல். பாவைத் தெருவில் நீளமாக விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ் போட்டு, வெயிலில் உலர்த்துகிறார்கள். இதற்குப் பல கைகள் வேண்டும். மழை வந்தால் வேலை நின்றுபோகும். கரையின் வேலைப்பாடு இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். நல்ல சரக்கில் போடும் கசவு, வெள்ளி இழைக்குத் தங்க முலாம் ஏற்றி சூரத்திலிருந்து வருவது. எளிய கரை போட்ட சேலைக்கே நாட்கணக்கில் உழைப்பு ஆகிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரப்படி 2021-22ல் கேரளத்தில் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 837 ரூபாய். இந்திய சராசரி 373 ரூபாய். நானூற்றைம்பது ரூபாய்ச் சேலையில் நூல் விலை, ஜரிகை விலை, லாரி வாடகை, மொத்த வியாபாரி பங்கு, நடைபாதை வியாபாரி பங்கு எல்லாம் போக என்ன மிஞ்சும்? கொத்தனாரின் அரை நாள் கூலியைவிடச் சற்றே கூடுதலான விலையில், பல நாள் உழைத்த கைத்தறிச் சேலை கிடைக்க வழியே இல்லை. அம்மாவுக்குக் கணக்கு வராமல் இல்லை. காய்கறிக்காரரிடம் கிலோ கணக்கில் மடக்குகிறவர்தான். துணியின் பின்னால் எத்தனை நாள் இருக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வாங்குகிறவருக்கு நல்ல கார் எது, ஓட்டை கார் எது என்று தெரியாதபோது எல்லாவற்றுக்கும் ஒரு நடுத்தர விலைதான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல காரை விற்கக் கட்டாது. நல்ல கார்கள் சந்தையைவிட்டு விலகும், மிஞ்சுவது ஓட்டைகள். இதற்காகவும் இதைத் தொடர்ந்த ஆய்வுக்காகவும் 2001ல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. காரை எடுத்துவிட்டு கசவு வேட்டியை வைத்துப் படித்தால் பலராமபுரத்தின் கதை வந்துவிடும். அங்கே இளைஞர்கள் தறிக்கு வருவதில்லை என்று பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். கட்டட வேலை 837 ரூபாய் தரும் மாநிலத்தில் ஏன் வர வேண்டும்? இந்தியா முழுவதுமே நிலைமை இதுதான். 2009-10 கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள் 2019-20ல் 35.22 லட்சம்.

சட்டம் இல்லாமல் இல்லை. சேலை, வேட்டி உள்பட சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கிய சட்டம் 1985லேயே வந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 1993ல் அது செல்லும் என்று தீர்ப்பானது. ஒதுக்கப்பட்ட ரகங்கள் பிறகு 22லிருந்து 11 ஆகக் குறைந்தன. 2006ல் கைத்தறி முத்திரை. 2009ல் பலராமபுரம் சேலைக்கும் மெல்லிய பருத்தித் துணிக்கும் புவிசார் குறியீடு. 2017 முதல் கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கைத்தறிச் சீருடை கொடுக்கத் தொடங்கியது. நெசவாளர்களுக்கு நிஜமாகவே வேலை கொடுத்தது இதில் கடைசியாகச் சொன்னதுதான் என்று தோன்றுகிறது. மற்றவை எல்லாம் காகிதத்தில் பத்திரமாக இருக்கின்றன. நடைபாதையில் முத்திரையைக் கேட்பவரும் இல்லை, காட்டுபவரும் இல்லை.

பேரம் பேசுவதே தவறு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்த மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1978ல் எழுதியது நினைவுகூரத் தக்கது. சந்தையில் மிகவும் அரிதாகக் கிடைக்கும் பொருள் தகவல்தான் என்றார் அவர். விவரம் தெரிந்தவர் பத்து கடை சுற்றுவதில்லை. தெரிந்த ஒரு கடைக்காரரிடம் உட்கார்ந்து, விலையோடு தரம், அளவு எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறார். பட்டு வாங்கக் காஞ்சிபுரம் போகும் பாட்டிகள் இப்படித்தான் செய்தார்கள். ஜரிகையைச் சுரண்டிப் பார்ப்பார்கள், நூலை உருவிப் பார்ப்பார்கள். விலை கடைசியில்தான் வரும். பயணிக்கு அந்த அவகாசம் இல்லை. அடுத்த முறை வரப்போவதும் இல்லை. அவரிடம் மிஞ்சும் ஆயுதம் குறைத்துக் கேட்பது ஒன்றுதான். அது எவ்வளவு வெட்டும் என்பது முதல் விலையைச் சொல்லும்போதே வியாபாரிக்குத் தெரியும்.

பேரத்தை ஒழித்தவர்களும் துணிக்காரர்கள்தான் என்பது ஒரு வேடிக்கை. ஜப்பானில் 1673ல் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) துணிக்கடை திறந்த மிட்சுயி தகாதோஷி, ரொக்கத்துக்கு ஒரே விலை, பேரம் கிடையாது என்று அறிவித்தார். அதுவரை பணக்காரர் வீடு தேடிப் போய்க் கடனுக்கு விற்று, ஆளுக்கொரு விலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். சாதாரண மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். யாருக்குப் பேரம் பேச வராதோ அவருக்கு ஒரே விலை என்பது பெரிய நிம்மதி.

அந்த ஒரே விலைக் கடை திருவனந்தபுரத்திலும் இருக்கிறது. 1961ல் தொடங்கிய கைத்தறிக் கூட்டுறவு அமைப்பான ஹான்டெக்ஸ், நம்மூர் கோ-ஆப்டெக்ஸுக்குக் கேரளத்துத் தங்கை. ஓணத்துக்குத் தள்ளுபடியும் உண்டு. ஆனால் சுற்றுலாக் குடும்பங்களுக்கு அங்கே போக மனம் வருவதில்லை. விலைச் சீட்டைப் பார்த்ததும் 'யானை விலை' என்கிறார்கள். கூடவே இன்னொரு காரணம். அங்கே ஜெயிக்க எதுவும் இல்லை. எண்ணூற்றைம்பதை நானூற்றைம்பது ஆக்கிய கதையை ஊரில் போய்ச் சொல்லலாம். சீட்டில் போட்டிருந்ததைக் கொடுத்துவிட்டு வந்ததில் என்ன கதை இருக்கிறது?

தெரிந்து வாங்குவது அவ்வளவு கடினமும் அல்ல. 'இது எங்கே நெய்தது?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். விசைத்தறி என்று வியாபாரி ஒப்புக்கொண்டால் விசைத்தறி விலைக்கு மனம் நிறைந்து பேரம் பேசலாம். முந்நூறுக்கே கூடக் கிடைக்கலாம். கைத்தறி என்று சாதித்தால் முத்திரையைக் கேட்கலாம். கரையின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். நேரம் உள்ளவர்கள் பலராமபுரத்திலேயே இறங்கிவிடலாம். தறியின் பக்கத்தில் நின்று ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்த பிறகு பாதி விலைக்குக் கேட்கும் துணிச்சல் எளிதில் வராது.

மெயில் தம்பானூரை விட்டுக் கிளம்பி, கொல்லம் வரும் முன்பே பைகள் பிரிக்கப்படுகின்றன. எதிர் இருக்கை அம்மாள் வேலூர்க்காரர். அவரும் கிழக்கே கோட்டையில்தான் சேலை வாங்கியிருக்கிறார். இரண்டையும் மடியில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒரே கரை, ஒரே நிறம்.

'நீங்க எவ்வளவுக்கு வாங்கினீங்க?'

சென்னை அம்மா ஒரு கணம் யோசிக்கிறார்.

'நானூறு.'

'அடடா, ஏமாத்திட்டானே. எனக்கு முந்நூத்தி எண்பதுக்குக் கொடுத்தான்' என்கிறார் வேலூர் அம்மாள். அவர் சொன்னதும் எவ்வளவு நிஜமோ.